முத்திரை போகிறது: நாள் கணக்கு இனி யார் கையில்?

குறித்த நாள் 2026 ஏப்ரல் 10. அன்றிலிருந்து ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளின் வெளி எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வழக்கம் முடிவுக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பதில் வருவது நுழைவு, வெளியேற்றம் இரண்டையும் கணினியில் பதியும் இ.இ.எஸ். முறை. செய்தி வந்ததிலிருந்து வாசகர் கடிதங்கள் குவிகின்றன. மகளின் பேறுகாலத்துக்காகப் பாரிஸ் போகும் அம்மா, அண்ணன் மகள் கல்யாணத்துக்கு லண்டனிலிருந்து சூரிச் கிளம்பும் குடும்பம், டொரொண்டோவிலிருந்து ஆண்டுக்கு இருமுறை ஜெர்மனி வந்துபோகும் பெரியவர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள்.

பாதிக் கடிதங்கள் கைரேகையைப் பற்றியவை. அதற்கு இவ்வளவு பயம் தேவையில்லை. விசா இல்லாமலே நுழையும் உரிமை உள்ள பிரிட்டிஷ், கனடா பாஸ்போர்ட்காரர்களிடம் முகப்படமும் நான்கு விரல் ரேகையும் எடுப்பார்கள். இந்திய, இலங்கைப் பயணிகளின் ரேகை விசா விண்ணப்பத்தின்போதே பதிவாகிவிட்டதால் எல்லையில் அதைச் சரிபார்ப்பார்கள், முகப்படம் மட்டும் புதிதாகப் பதிவாகும். கட்டணம் கிடையாது. கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அது நாள் கணக்கு.

எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது பழைய விதிதான். அதை எண்ணும் விதம்தான் பலருக்குப் பிடிபடவில்லை. ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு கணக்கு, ஜூலையில் புதுக் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணப்படும். அதற்குள் எத்தனை நாள் ஷெங்கன் மண்ணில் இருந்தீர்கள் என்பதே கேள்வி. இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் முழு நாளாகவே சேரும். இரவு 11.50க்கு இறங்கினாலும் அது ஒரு நாள்தான்.

கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். கல்யாணத்துக்காக 2025 நவம்பர் 15 முதல் 24 வரை சூரிச்சில் 10 நாள் இருந்தார். பிறகு 2026 ஜனவரி 5 அன்று பேரக்குழந்தையைப் பார்க்கப் பாரிஸில் இறங்குகிறார். 90 நாள் என்றால் ஏப்ரல் 4 வரை என்று நினைத்து டிக்கெட் எடுக்கிறார். ஆனால் மார்ச் 25ஆம் தேதியோடு அவருடைய நாள் தீர்ந்துவிடும், ஏனென்றால் நவம்பரின் 10 நாளும் அந்த 180க்குள்தான் கிடக்கின்றன. அவர் போனது இரண்டு நாடு என்றாலும் கணக்கு ஒன்று.

இந்தக் கூட்டலை இதுவரை எல்லை அதிகாரி கையால் செய்தார். பாஸ்போர்ட்டைப் புரட்டி, உள்ளே போகும் அம்புக்குறி போட்ட முத்திரை எது, வெளியே போகும் அம்பு எது என்று தேடி, விரல்விட்டு எண்ண வேண்டும். மை மங்கியிருக்கும், ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருக்கும், பின்னால் வரிசை நீண்டிருக்கும். அவசரத்தில் ஒரு முத்திரை கண்ணில் படாமலே போய்விடலாம். போலி முத்திரையும் உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்ற ஐரோப்பிய ஆணையத்தின் வாதத்தில் நியாயம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இனி பாஸ்போர்ட்டை வைத்ததும் மிச்சம் எத்தனை நாள் என்று அதிகாரியின் திரையில் எண் வந்துவிடும்.

என்னை உறுத்துவது இன்னொன்று. முத்திரைக்கு ஆயிரம் குறை இருந்தாலும் அது உங்கள் பையில் இருந்தது. நான் இந்தத் தேதியில் வெளியேறிவிட்டேன் என்று எந்த அதிகாரியிடமும் பக்கத்தைத் திருப்பிக் காட்ட முடிந்தது. இனி அந்தச் சான்று ஐரோப்பிய ஒன்றியத்தின் யூ-லிசா என்ற அமைப்பின் கணினியில், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருக்கும். உங்கள் கையில் எதுவும் இல்லை.

அதிகாரபூர்வ அறிக்கைகளில் அடிக்கடி வரும் ‘காலம் கடந்து தங்கியவர்’ என்ற சொல்லை இந்த இடத்தில் கவனமாகப் படிக்க வேண்டும். சட்டத்தின் நோக்கில் அவர் அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கியவர். கணினியின் நோக்கிலோ அவர், நாள் முடிந்தும் வெளியேற்றம் பதிவாகாதவர். இரண்டும் ஒன்றல்ல. ஏதோ ஒரு துறைமுகத்தில் நெரிசலில் உங்கள் வெளியேற்றத்தைப் பதியாமல் விட்டிருந்தால், நீங்கள் யாழ்ப்பாணத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே உங்கள் பெயர் காலம் கடந்து தங்கியவர்களின் பட்டியலில் தானாக ஏறிவிடும். சாதாரணப் பதிவு 3 ஆண்டு இருக்கும். வெளியேற்றம் இல்லாத பதிவு 5 ஆண்டு. அடுத்த முறை போகும்போது, நீங்கள் மீறியதாக ஊகிக்க அதிகாரிக்குச் சட்டம் இடம் தருகிறது. நம்பத்தக்க ஆதாரம் காட்டி மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் ஆதாரம் கொண்டுவருவது உங்கள் வேலை.

பதிவு தவறவே தவறாது என்று யாரும் சொல்ல முடியாது. 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய இந்த முறையை, வரிசை தாங்காமல், டிசம்பர் கடைசியில் லிஸ்பன் விமான நிலையத்தில் மூன்று மாதத்துக்குப் போர்த்துகல் அரசே நிறுத்திவைத்தது. இந்த முறையில் எல்லையை வேகமாகக் கடக்கலாம் என்ற வாக்குறுதியை அதன் பிறகு அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எனவே போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். ஊர் திரும்பியதற்கான முத்திரை இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்குத் தாய்நாட்டில் இறங்கும்போது முத்திரை விழாது. அவர்களுக்கு டிக்கெட்டும், வங்கி அட்டையில் அன்று செலவு செய்த விவரமும்தான் துணை.

கணினி யாரையும் தானாகத் திருப்பி அனுப்பாது. அனுமதிப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு, மறுப்பில் அவரே கையெழுத்திட வேண்டும். மறுத்தால் காரணத்தைக் குறித்த படிவத்தை உங்கள் கையில் கொடுத்தாக வேண்டும். அதில் காரணங்கள் எழுத்து வரிசையில் இருக்கும், எஃப் என்பது 90 நாள் தீர்ந்துவிட்டது என்பதற்கு. அதை வாங்காமல் நகராதீர்கள், மேல்முறையீட்டுக்கு அதுதான் அடிப்படை. ஆனால் மேல்முறையீடு நடக்கிறது என்பதற்காக உள்ளே விட மாட்டார்கள். திரையில் மிச்சம் பூஜ்யம் என்று தெரியும்போது, எதிரே நிற்கும் வயதான பெண்மணியின் டிக்கெட்டை வாங்கிப் பார்க்கும் பொறுமை எத்தனை அதிகாரிகளுக்கு இருக்கும் என்பதே என் அச்சம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

விசா இருந்தால் நுழைவு உறுதியா? இல்லை, எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், பணம் இருக்கிறதா என்று எல்லையில் மறுபடியும் கேட்கலாம்.

விசா ஒட்டுத்தாளில் கடைசித் தேதி தள்ளி இருக்கிறதே? தங்க அனுமதித்த நாள் எண்ணிக்கைதான் கணக்கு, பின்னால் உள்ள 15 நாள் பயணத் தேதி மாறினால் உதவும் சலுகை மட்டுமே.

ஏப்ரல் 10க்கு முன் விழுந்த முத்திரை செல்லாதா? செல்லும், 180 நாள் கணக்கில் அதுவும் சேரும்.

ஜெர்மனியில் வதிவிட அட்டை வைத்திருக்கிறேன், எனக்குமா? இல்லை.

குழந்தைகளுக்கு? 12 வயதுக்குக் கீழே ரேகை இல்லை, முகப்படம் உண்டு.

லண்டனில் ரயில் ஏறினால்? செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே பிரெஞ்சு அதிகாரி பதிந்துவிடுவார்.

மிச்ச நாளை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கென இணையச் சேவை உண்டு, எல்லையில் அதிகாரியிடமும் கேட்கலாம்.

பதிவு தவறாக இருந்தால்? திருத்தக் கேட்கும் உரிமை உண்டு. அடுத்த பயணம் வரை காத்திராமல், ஊர் திரும்பியதும் பார்த்துவிடுங்கள்.