பசுவின் முட்டையை ஆய்வகத்தில் வளர்ப்பது ஏன்? புற்றுநோய் பாதித்த சிறுமிகளுக்கு இதில் என்ன இருக்கு?

ஒரு கிடேரிக்கன்று பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் 1 லட்சத்துக்கும் அதிகமான கருமுட்டைகள் இருக்கும். ஆனா அந்தப் பசு வாழ்நாளில் ஈனுவது விரல்விட்டு எண்ணக்கூடிய கன்றுகள்தான். மீதி முட்டைகள் வளராமலேயே அழிந்துவிடும்.

ஒவ்வொரு முட்டையும் 'ஃபாலிக்கிள்' என்ற குட்டிப் பைக்குள் இருக்கும். தொடக்கத்தில் அதன் அளவு சுமார் 0.04 மி.மீ. முட்டையை வெளியிடும் நேரத்தில் 15 மி.மீ. வரை பெருத்திருக்கும். மாட்டின் உடலில் இதற்கு மாதக்கணக்காகும். அதே வேலையை ஆய்வகத்தில் செய்யத்தான் விஞ்ஞானிகள் முயற்சிக்கிறார்கள்.

எப்படி வளர்க்குறாங்க?

இறைச்சிக்கூடங்களில் கிடைக்கும் சினைப்பைகளின் வெளிப்பகுதியை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, ஊட்டத் திரவத்தில் வைக்கிறார்கள். நறுக்கியதுமே, தூங்கிக் கிடந்த பைகள் விழித்துக்கொள்கின்றன. சில நாட்களில், வளர்ந்த பைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி நுண்ணிய ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரிக்கணும். பொறுமையைச் சோதிக்கும் வேலை!

சிக்கலும் இங்கேதான். முட்டை தனியா வளராது. சுற்றியுள்ள செல்கள்தான் அதற்கு ஊட்டுகின்றன. அந்த இணைப்பு அறுந்தால் முட்டை பட்டினி கிடக்கும். துண்டுக்குள்ளேயே ரொம்ப நாள் விட்டாலும் வளர்ச்சி நின்றுவிடும்.

எலியில் முடிந்தது, மாட்டில்?

1996-ல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், ஆரம்பநிலைப் பையிலிருந்து வளர்த்த முட்டை மூலம் ஒரு எலிக்குட்டி பிறந்தது. மாட்டில் ஓரளவு வளர்ந்துவிட்ட பைகளை எடுத்து, 14 நாட்கள் வளர்த்து, கன்று வரை கொண்டுபோனார்கள் ஜப்பான் ஆய்வாளர்கள். இது 2004-ல் வெளியானது.

அப்போ எலியே போதாதா? போதாது. எலி ஒரே நேரத்தில் பல முட்டைகளை வெளியிடும், அவை வளர்வதும் வேகம். பசுவுக்கு, பெண்களைப் போலவே, பெரும்பாலும் ஒரு சுழற்சிக்கு ஒரு முட்டைதான்.

சிறுமிகளுக்கு என்ன பயன்?

பருவமடையாத சிறுமிக்குப் புற்றுநோய் என்றால், கீமோதெரபி அவளது முட்டைகளை அழிக்கக்கூடும். சேமித்துவைக்க முதிர்ந்த முட்டையும் இருக்காது. அதனால் சினைப்பைத் திசுவை எடுத்து உறையவைக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் அந்தத் திசுவை மீண்டும் உடலில் பொருத்தினால், நோய் செல்களும் கூடவே திரும்பிவரும் ஆபத்து உண்டு. முட்டையை வெளியிலேயே வளர்க்க முடிந்தால் அந்தப் பயம் இல்லை.

பசுத் திசுவில் இந்தப் படிநிலை முறையைப் பழகிய எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஈவ்லின் டெல்ஃபர் குழு, 2018-ல் மனிதத் திசுவிலும் முட்டைகளை முதிர்ச்சி நிலை வரை வளர்த்துக் காட்டியது. அந்த நிலையை எட்டியவை கொஞ்சம்தான். அவற்றிலும் சில அசாதாரண அறிகுறிகள் தெரிந்தன. அந்த முட்டைகளைக் கருவாக்கிப் பார்க்கவில்லை.