லாபமும் ஜன உரிமையும்

ரமணாசிரமப் பகுதிக்கு வருகிறவர்கள் அருணாசலத்தைத் தெய்வமெனத் தொழுது வலம் வருகிறார்கள். அம்மலையை வெட்டலாமா என்று கேட்க எவருக்கும் நா எழாது. ஆனால், அதே திருவண்ணாமலையின் சுற்றுப்புறத்தில் கவுத்தி மலை, வேடியப்பன் மலை என்னும் குன்றுகள் இருக்கின்றன. அவற்றில் இரும்புத் தாது உண்டு. அதைத் தோண்டியெடுக்க மாநில அரசின் நிறுவனமும் ஜிண்டால் உருக்குக் கம்பெனியும் சேர்ந்து திட்டமிட்டன. அதற்காக 325 ஹெக்டேர் வனநிலம் கோரப்பட்டது. 2008 டிசம்பரில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கிராம ஜனங்கள் திரண்டு வந்து ஆட்சேபித்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழுவும் அத்திட்டத்துக்கு எதிராகவே பரிந்துரைத்தது.

இத்தகைய விவகாரங்களில் அரசையும் கம்பெனியையும் நாம் கேள்வி கேட்கிறோம். பணம் யாருடையது என்று மட்டும் கேட்பதில்லை. பெரிய கம்பெனிகளின் மூலதனம் முதலாளிகளின் பெட்டியிலிருந்து மட்டும் வருவதன்று. ஓய்வுபெற்ற உபாத்தியாயர் பரஸ்பர நிதியில் போடும் சேமிப்பும், குமாஸ்தா கட்டும் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் அதில் கலந்திருக்கின்றன. லாபத்தில் பங்கு பெறுகிறவர், அந்த லாபம் வந்த வழிக்குத் தமக்குப் பொறுப்பில்லை என்று சொல்வது நியாயமாகுமா?

தனி மனிதர் கேட்டு என்ன பயன் என்று சிலர் சொல்லக் கூடும். ஒரிஸ்ஸாவின் நியமகிரியைப் பாருங்கள். டோங்கிரியா கோந்த் மக்கள் வழிபடும் அம்மலையில் பாக்ஸைட் எடுக்க வேதாந்தா கம்பெனி முனைந்தது. அக்கம்பெனியின் பங்குகளை நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2007-ல் விலக்கியது; இங்கிலாந்துத் திருச்சபை 2010-ல் விற்றது. 2013-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாமென்று தீர்மானித்தன. மலையைக் காத்தது அம்மக்களின் உறுதியே. எனினும், தூர தேசத்துப் பங்குதாரர்களின் மனச்சாட்சி அவர்களுக்குத் துணை நின்றது என்பதில் சந்தேகமில்லை.

தொழில்கள் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தேசத்துக்கு இரும்பு வேண்டும், வேலையும் வேண்டும். ஆனால், நிலத்தை இழக்கிறவனின் சம்மதமின்றி வரும் செழிப்பு நிலைக்காது. மனித உரிமைகளை மதிப்பது கம்பெனிகளின் கடமை என்று ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் கவுன்சில் 2011-ல் ஏற்ற கோட்பாடுகள் கூறுகின்றன. நம் நாட்டிலும் பங்குச் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் இவ்விஷயத்தில் ஆண்டறிக்கை தர வேண்டுமென்று செபி விதித்திருக்கிறது. 2022-23 முதல் அது கட்டாயம். அறிக்கை காகிதத்தில் கிடப்பதால் மட்டும் பிரயோஜனமில்லை. பணம் போடுகிறவர் அதைப் படிக்க வேண்டும். நிலம் எப்படிக் கிடைத்தது? குடியானவர்கள் இசைந்தார்களா? தொழிலாளிக்கு நியாயமான கூலி உண்டா? திருப்தியான பதில் வராத இடத்தில் பணத்தைப் போடாதிருப்பதே விவேகம்.

ஒரு மலையைக் கைகூப்பி வலம் வந்துவிட்டு, மற்றொரு மலையைத் தோண்டும் கடப்பாரைக்கு நம் பணத்தைக் கூலியாகக் கொடுப்பது பக்தியும் ஆகாது, நீதியும் ஆகாது.