நிறையாத செப்டிக் டேங்க்

வேடந்தாங்கல், மதுராந்தகம் பக்கம் பாதாளச் சாக்கடை இல்லாத வீடுகளில், கட்டிய நாளிலிருந்து செப்டிக் டேங்குக்கு லாரியே கூப்பிட்டதில்லை என்று சொல்வது ஒரு பெருமை. உண்மையில் அது கவலைப்பட வேண்டிய சேதி.

அடியும் பக்கமும் முறையாகப் பூசிய தொட்டியில் இரண்டு மூன்று ஆண்டுகளில் கசடு சேர்ந்துவிடும். பத்து வருஷம் ஆகியும் நிறையவில்லையென்றால், பெரும்பாலும் அது தொட்டியே இல்லை. நாலைந்து சிமென்ட் உறைகளை இறக்கி, தளம் போடாமல் மூடிய குழி. உள்ளே விழுவதெல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் ஏரி நிறைந்து ஊற்று மேலேறும்போது கழிவும் கிணற்றுத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

கசிவுக்குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470 தரநிர்ணயம். ஏறக்குறைய 60 அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான்! போரை எங்கே போட்டாலும் கணக்கு இடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் குழி மதிலுக்கு அந்தப்புறம் எங்கே இருக்கிறதோ, யார் கண்டது. தண்ணீர் தெளிவாகவே இருக்கும், வாடையும் வராது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

நிறைகிற தொட்டியில் ஆபத்து வேறு. அடைப்பெடுக்க ஆளை உள்ளே இறக்காதீர்கள். அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றதும் காற்று போய்விட்டது என்று இறங்குகிறவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்கக் குதிக்கிறவரும் விழுவார். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் வைத்தால் போதும் என்பதை நம்ப வேண்டாம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடின்றி இப்படி ஆளை இறக்கினால், முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நேரடியாகவோ மறைமுகமாகவோ என்று சட்டம் சொல்வதால், கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆள் என்று வீட்டுக்காரர் நழுவ முடியாது.

எனவே லாரிதான். 14420-க்கு அழைக்கலாம். கருங்குழியில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. எங்கே கொட்டுவீர்கள் என்று லாரிக்காரரிடம் கேளுங்கள். (பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது இங்கே ஊரறிந்தது, மனிதக் கழிவுக்கு அந்தக் கணக்கு செல்லாது.) வாடகையை அவர் சட்டென்று குறைத்தால், அவ்வளவு தூரம் ஓட்டாமல் இருட்டியதும் வழியிலுள்ள வாய்க்காலில் குழாயைத் திறந்துவிடப் போகிறார் என்று சந்தேகப்படலாம்.