நான் பேசியது ஏன் ஒருவருக்கும் கேட்கவில்லை? பார ஊர்தியில் சி.பி. ரேடியோ அன்ரெனா பூட்டிய கதை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், சூ செயின்ற் மேரியிலிருந்து வாவா நோக்கிச் செல்லும் 17ஆம் இலக்க நெடுஞ்சாலை சுப்பீரியர் ஏரியின் கரையோரமாகப் போகிறது. குளிர்காலத்தில் ஏரிப் பக்கமிருந்து வரும் பனிப்பொழிவு அந்தப் பாதையை அடிக்கடி மூடிவிடும். பல இடங்களில் கைத்தொலைபேசி வேலை செய்யாது.

நான் பார ஊர்தி ஓட்டத் தொடங்கிய இரண்டாவது குளிர்காலம். ஒரு மாலை, வளைவு ஒன்றைத் தாண்டியதும், எனக்கு முன்னால் போன ஊர்தியின் ட்ரெயிலர் வழுக்கி வீதிக்குக் குறுக்கே நின்றுவிட்டது. நான் ஒருவாறு நிறுத்தினேன். சி.பி. ரேடியோவின் மைக்கை எடுத்து, சாரதிகள் எல்லோரும் கேட்கும் 19ஆம் சனலில், "வளைவுக்குப் பின்னால் பாதை அடைபட்டிருக்கிறது, வேகத்தைக் குறையுங்கள்" என்று நான்கு தடவை சொன்னேன். பதில் வரவில்லை. இறங்கி ஓடி, வளைவில் முக்கோணப் பிரதிபலிப்பான்களை வைத்தேன்.

சிறிது நேரத்தில் மரக்குற்றிகள் ஏற்றிய ஊர்தி ஒன்று வந்தது. முக்கோணங்களைக் கண்டு பிரேக் பிடித்து, என் ட்ரெயிலருக்குச் சில மீற்றர் பின்னால் நின்றது. அதன் சாரதி இறங்கி வந்து கேட்டது ஒரே கேள்விதான்: "ரேடியோவில் ஏன் சொல்லவில்லை?" அவருடைய ரேடியோவும் 19இல்தான் இருந்தது. நான் சொன்ன ஒரு சொல்லும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

அந்த அன்ரெனாவைப் பூட்டியது நானேதான். மற்றவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டதால், எல்லாம் சரி என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு ஊரிலிருந்து வந்தது. 90களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவில் ரேடியோவை இயக்கித்தான் செய்தி கேட்டோம். அன்ரெனா முறிந்துபோனால் செப்புக் கம்பி ஒன்றைச் சுற்றி, மறுமுனையை மாமரத்தில் கட்டுவோம். அந்தக் கம்பியின் நீளத்தை ஒருவரும் அளந்ததில்லை. ஆனாலும் கேட்டது.

கேட்பதற்கு எந்தக் கம்பியும் ஓரளவு போதும். பேசுவதற்குப் போதாது. இந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. பேசும் கருவி எங்கள் கையில் இருந்ததே இல்லை. ஒரு வோக்கிரோக்கி வீட்டில் அகப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

4 வாற் மட்டும்தான்

சி.பி. என்பது பொதுமக்கள் பேசுவதற்கென்று ஒதுக்கப்பட்ட அலைவரிசை. 26.965 முதல் 27.405 மெகாஹேர்ட்ஸ் வரை 40 சனல்கள் உண்டு. 9ஆம் சனல் அவசர உதவிக்கு. 19ஆம் சனல், அதாவது 27.185 மெகாஹேர்ட்ஸ், நெடுஞ்சாலைச் சாரதிகளுக்கு வழக்கமாகிவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட கருவியாக இருந்தால் கனடாவில் இதற்குத் தனி அனுமதிப்பத்திரம் தேவையில்லை.

வழமையான ஏ.எம். முறையில் சி.பி. ரேடியோ அனுப்பக்கூடிய உச்ச வலு 4 வாற். சைக்கிள் டைனமோ தருவது சுமார் 3 வாற். ஆகவே வீணாக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அன்ரெனா பொருத்தமாக இல்லாவிட்டால், ரேடியோ அனுப்பும் வலுவில் ஒரு பகுதி திரும்பி ரேடியோவுக்கே வருகிறது. எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவுதான் எஸ்.டபிள்யூ.ஆர். அது 1.5 ஆக இருந்தால் திரும்புவது 4 சதவீதம்தான். 2 என்றால் 11 சதவீதம். 3 என்றால் 25 சதவீதம். 3க்கு மேலே போனால் பேசவே கூடாது. ரேடியோவின் வெளியீட்டுப் பகுதி எரிந்துபோகலாம். அதே காரணத்தால், அன்ரெனா இணைக்காமல் ஒருபோதும் மைக் பொத்தானை அழுத்தக்கூடாது.

"ஏர்த் இல்லைத் தம்பி"

பிரம்ரனில் நாங்கள் ஊர்தி நிறுத்தும் இடத்தில் ஓர் அண்ணை இருந்தார். யுத்தத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். நடந்ததைச் சொன்னேன். மல்ரிமீற்றரோடு வந்தார். ஒரு முனையை அன்ரெனா பூட்டிய கண்ணாடித் தாங்கியிலும், மற்றதைப் பற்றரியின் மறை முனையிலும் வைத்தார். ஓம் அளவு பூச்சியத்துக்குக் கிட்ட வந்திருக்க வேண்டும். மீற்றர் அசையவில்லை.

"கம்பியிலை பிழை இல்லை. ஏர்த் இல்லைத் தம்பி" என்றார்.

27 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீற்றர். வாகன அன்ரெனா அதில் கால் பங்காக வேலை செய்ய வேண்டும், அது 2.7 மீற்றர் அளவில் வரும். அவ்வளவு உயரமான கம்பியை லொறியில் நிறுத்த முடியாதபடியால், கம்பியைச் சுருளாகச் சுற்றி 4 அடித் தடியாக விற்கிறார்கள். ஆனால் தடி பாதிதான். மற்றப் பாதி வாகனத்தின் உலோக உடல். இரண்டும் சேர்ந்தால்தான் அன்ரெனா. என் ஊர்தியின் முன்பகுதி பைபர்கிளாஸ். கண்ணாடித் தாங்கியும் ரப்பர் துண்டுகளின் மேல் இருந்தது. அதனால் தாங்கிக்கும் அடிச்சட்டத்துக்கும் தொடர்பே இல்லை.

அண்ணை தாங்கியின் வர்ணத்தைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் பின்னல் செப்புப் பட்டி ஒன்றை முடுக்கினார். மறுமுனையை அடிச்சட்டத்தின் சுரண்டிய இடத்தில் போல்ற் போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசினார். மீற்றர் பூச்சியத்துக்கு வந்தது. அடுத்து கேபிளைக் கழற்றி, அதன் நடு ஊசிக்கும் வெளிக் கவசத்துக்கும் இடையில் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். அங்கே தொடர்பு இருக்கக்கூடாது. இருந்தால் உள்ளே எங்கோ நெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பூட்டும்போது கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. ஒற்றை அன்ரெனாவுக்கு 50 ஓம் கொக்சியல் கேபிள்தான் போடவேண்டும். தொலைக்காட்சிக்குப் போடும் 75 ஓம் கேபிள் பொருந்தாது. மிச்சக் கேபிளை இறுக்கிச் சுருட்டாமல், தளர்வாக மடித்து வையுங்கள். கதவு மூடும்போது கேபிள் நசிபடாத பாதையால் கொண்டுபோங்கள். ரேடியோவுக்கான மின்சாரத்தைப் பற்றரியிலிருந்து நேரே, பியூஸ் போட்டு எடுத்தால் இரைச்சல் குறையும்.

நீளத்தைச் சரிசெய்தல்

ஊர்தியைக் கட்டடமும் மரமும் இல்லாத வெளியில் நிறுத்தி, கதவுகளை மூடினோம். அன்ரெனாவுக்குக் கிட்ட ஆள் நின்றாலும் அளவு மாறும். ரேடியோவுக்கும் அன்ரெனாக் கேபிளுக்கும் நடுவில் எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரை இணைத்தோம். சனலில் யாரும் பேசவில்லை என்று கேட்டு உறுதிசெய்த பின், மைக் பொத்தானை அழுத்தி, முள்ளை 'செற்' கோட்டுக்குக் கொண்டுவந்து, ஆளியை மற்றப் பக்கம் மாற்றி அளவைப் படித்தோம். சில செக்கன்களுக்கு மேல் அழுத்தக்கூடாது. 1ஆம் சனலிலும் 40ஆம் சனலிலும் இப்படி அளக்க வேண்டும்.

1இல் 1.4. 40இல் 2.3.

இதைப் படிக்கும் முறை எளிது. 40இல் அளவு கூடவென்றால் அன்ரெனா நீளம், குறைக்க வேண்டும். 1இல் கூடவென்றால் கட்டை, நீட்ட வேண்டும். இரண்டிலும் 3க்கு மேலே நின்றால் நீளத்தில் கை வைக்காதீர்கள். ஏர்த்தையோ கேபிளையோதான் பார்க்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் கம்பியை வெட்டிப் பழுதாக்குகிறார்கள்.

எங்களுடைய தடியின் நுனியில் திருகும் வசதி இருந்தது. சில மில்லிமீற்றர் உள்ளே திருகி, அளந்து, மறுபடி திருகினோம். நான்காவது தடவையில் இரண்டு பக்கமும் 1.6 அளவில் சமமாக வந்தது. நடுவில் 19இல் 1.2. அண்ணை மீற்றரைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, "உப்புக்குக் கவனம்" என்றார். பனிக்கு வீதியில் போடும் உப்பு ஏர்த் பட்டியை அரித்துவிடும். அதனால் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன்பு அந்தப் போல்ற்றைக் கழற்றித் துடைத்து, மறுபடி அளக்கிறேன்.

இலங்கையில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வானொலிக் கருவி வைத்திருக்கவும் பாவிக்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அதை எடுக்காமல் இறங்காதீர்கள். அன்ரெனாவின் கணக்கு எங்கும் ஒன்றுதான்.

அடுத்த வருடம் மாசி மாதம், அதே 17ஆம் பாதையில் ஒரு மூஸ் வீதியின் நடுவில் நின்றது. மைக்கை எடுத்துச் சொன்னேன். இரைச்சலுக்குள்ளால் முகம் தெரியாத ஒருவரின் குரல் வந்தது: "கேட்டது. வேகத்தைக் குறைக்கிறேன். நன்றி."