இரண்டு அறைகளில் ஒரு கடிகாரம்

1950-களின் பிற்பகுதியில் ஹாலந்து தேசத்தில் எலக்ட்ரோலாஜிகா எக்ஸ்-1 என்ற கணிப்பொறி உருவாகி வந்தபோது, அச்சுப்பொறி முதலிய சாதனங்கள் வேண்டிய க்ஷணத்தில் ஓடுகிற நிரலை நிறுத்தித் தம் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் 'குறுக்கீடு' என்னும் ஏற்பாட்டை அதில் வைக்க அதன் சிருஷ்டிகர்த்தாக்கள் விரும்ப, அதற்கு நிரல் எழுத வேண்டியிருந்த டைக்ஸ்ட்ரா, மறுபடி வரவழைத்துக் காட்ட முடியாத பிழைகள் தம்மைப் பீடிக்குமென்று அஞ்சி, மாதக்கணக்கில் சம்மதிக்காமல் தயங்கினார்.

அந்த அச்சம் வீணன்று. விநாடிக்கு 100 முறை கடிகாரக் குறுக்கீடு வந்து, ஓர் எண்ணில் ஒன்று கூட்டிவிட்டுப் போகிறதென்று கொள்வோம். 16 பிட் செயலியில் அந்த எண் ஓரறையில் அடங்காமல் கீழறை, மேலறை என இரண்டாகப் பிரிந்து கிடக்கும். கீழறை 65535-ஐ எட்டியபின் அடுத்த துடிப்பில் பூஜ்யமாகி, மேலறையில் ஒன்று ஏறும். நிரலானது கீழறையில் 65535 என்று படித்துவிட்டு மேலறையைப் பார்க்கத் திரும்புமுன் குறுக்கீடு புகுந்துவிட்டால், அங்கே பூஜ்யத்துக்குப் பதில் ஒன்றைக் கண்டு, இரண்டையும் சேர்த்து 131071 என்று கணக்கிடும். அதாவது, பதினோரு நிமிஷமே ஆகியிருக்க, இருபத்திரண்டு என்று சாதிக்கும். சோதனைச்சாலையில் இது அநேகமாக அகப்படாது. பிழையைப் பிடிக்கவென்று இடையில் ஒரு வரி சேர்த்தாலோ, காலம் சற்றே நகர்ந்து அதுவும் ஒளிந்துகொள்ளும். இதைத்தான் ரேஸ் கண்டிஷன் என்கிறார்கள்.

படிக்கும்வரை குறுக்கீட்டைத் தடுத்து வைப்பதே பிரசித்தமான பரிகாரம். ஆனால் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடலாகாது: நம்மை அழைத்த நிரல் ஏற்கனவே தன் காரியத்துக்காகத் தடுத்து வைத்திருக்கலாமாகையால், முன்பிருந்த நிலையைக் குறித்துவைத்து அதையே மீட்டுத் தருவதுதான் முறை. நெடுநேரம் தடுப்பதும் ஆபத்து; 9600 பாட் வேகத்தில் தொடர்ந்து வரும் எழுத்துக்களுக்கிடையே ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடியே உண்டு, அதற்குள் எடுக்காவிட்டால், ஓரெழுத்துக்கே இடமுள்ள சில்லில் புதியது பழையதை அழித்துவிடும். எனக்குப் பிடித்தது வேறோர் உபாயம்: மேலறை, கீழறை, மறுபடி மேலறை என்று படித்து, மேலறை மாறியிருந்தால் திரும்பத் தொடங்குவது.

செயலிகள் பல சேர்ந்துவிட்டால் தன் குறுக்கீட்டைத் தடுப்பது மட்டும் போதாது, ஒரு சமயத்தில் ஒரே நிரலை உள்ளே விடும் பூட்டும் வேண்டும். தடுக்காமல் பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டாலோ, அதே செயலியில் குறுக்கிட்டு வந்த நிரல் அந்தப் பூட்டுக்காகச் சுழன்று நிற்க, பூட்டை வைத்திருக்கும் நிரல் அது விலகட்டுமென்று அடியிலே காத்துக் கிடக்கும். ஆகவே லினக்ஸ் கருநிரலில் இத்தகைய இடங்களில் முதலில் தடை, பிறகே பூட்டு.