பழைய சேவையகம்: பேணுதலா, மாற்றுதலா?

ஒரு கருமத்தைத் தொடங்குமுன் அதனால் அழிவது யாது, ஆவது யாது, ஈற்றில் எஞ்சும் ஊதியம் யாது என மூன்றையும் சீர்தூக்க வேண்டும் என்பது, திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் முதற்கண் வகுக்கும் முறையாகும். அரசியலிற் கூறப்பட்ட இம்முறை இக்கால வணிக நிலையங்கட்கும் பொருந்துவதே. பல்லாண்டு உழைத்த சேவையகத்தை வைத்துப் பேணுவதா, அன்றி அகற்றிப் புதியது வாங்குவதா என மயங்குவோர்க்கு அம்மூன்றுமே துணையாவன.

சேவையகம் என்பது ஒரு நிறுவனத்தின் கணக்கு, சரக்கிருப்பு, சம்பளப் பதிவு முதலியவற்றைத் தன்னகத்தே வைத்து, ஏனைய கணினிகள் வேண்டும்போதெல்லாம் வழங்கும் கணினி. ஏனையவை மாலையில் ஓயும். இஃது இரவும் பகலும் ஓய்வதில்லை. ஆதலின் இதன் உறுப்புக்களுள் அசைவனவும் வெப்பத்தைத் தாங்குவனவும் முதலில் தேய்கின்றன. வன்றட்டு, காற்றாடி, மின்வழங்கி என்பன அத்தகையன. இவற்றுட் பல, இயந்திரத்தை நிறுத்தாமலே கழற்றி மாற்றத்தக்கனவாய் அமைக்கப்படுவதுண்டு. தரவைப் பல தட்டுக்களிற் பகிர்ந்து வைக்கும் ஏற்பாடு இருப்பின், ஒரு தட்டுக் கெட்டாலும் தரவு அழியாது. எனவே உறுப்புத் தேய்வு ஒன்றே இயந்திரத்தைக் கைவிடுதற்குப் போதிய காரணமாகாது. ஆனால், மாற்றுறுப்புக் கிடையாத நிலை வந்துவிடின், அடுத்த பழுதே இறுதிப் பழுதாகலாம்.

எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்பதில் பெருநிறுவனங்களும் ஒரே முடிவில் நிற்கவில்லை. கூகிளின் தாய் நிறுவனமாகிய அல்பபெற், தன் சேவையகங்களின் பயன்படு காலத்தை 2023இல் 4 ஆண்டிலிருந்து 6 ஆண்டாக உயர்த்தியது. அமேசான் 2024இல் 5 ஆண்டை 6 ஆக்கியது. எனினும் 2025இல் ஒரு பகுதிக்கு மீண்டும் 5 ஆண்டென்றே குறைத்தது. வயது ஒன்றே அளவுகோலன்று என்பதற்கு இதுவே சான்று.

மின்செலவும் எண்ணற்பாலது. இடையறாது 400 உவாற்று உண்ணும் இயந்திரம் ஓராண்டில் 3,504 அலகு மின்சாரத்தைச் செலவிடும். அறையைக் குளிர்விக்கும் செலவு வேறு. பழைய இயந்திரங்கள் பலவற்றின் வேலையை மெய்நிகராக்க முறையாற் புதியதொன்றே ஏற்குமாயின், மிச்சமாகும் மின்சாரமே விலையின் ஒரு பகுதியை மீட்டுத் தரும். பழையது ஒன்றேயாகி, அதன் வேலையும் சிறிதாயின், இவ்வாதம் வலுவிழக்கும்.

இரும்பு தேய்வது கண்ணுக்குப் புலனாகும். மென்பொருள் மூப்பதோ புலனாவதில்லை. ஆக்கியோர் திருத்தம் வழங்குவதை நிறுத்தும் நாளே அதன் முதுமை தொடங்கும் நாள். விண்டோஸ் சேர்வர் 2003 என்னும் பணிசெயல் முறைமைக்கு அந்நாள் 2015 யூலை 14; 2012ஆம் ஆண்டுப் பதிப்புக்கு 2023 ஒக்டோபர் 10. அதன்பின் கட்டணத்துக்கு நீட்டிப்புப் பெறாதார்க்குப் புதிதாய்க் காணப்படும் ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை.

இதன் விளைவை 2017 மே 12இல் இங்கிலாந்து கண்டது. கோப்புக்களைப் பூட்டி மீட்புப்பணம் கேட்ட 'வனாக்கிறை' என்னும் தீநிரல், அந்நாட்டுப் பொதுச் சுகாதார சேவையின் 236 மருத்துவ அறநிலையங்களுள் குறைந்தது 81ஐத் தாக்கியது. 19,000க்கு மேற்பட்ட மருத்துவச் சந்திப்புக்கள் கைவிடப்பட்டிருக்கலாம் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அவசர சிகிச்சை நாடியோர் சில பகுதிகளில் தூரத்து மருத்துவமனைகட்குச் செல்ல நேர்ந்தது. ஈண்டு ஒன்று கருதத்தக்கது. தாக்குண்ட கணினிகளுட் பெரும்பாலானவை ஆதரவு முடிந்த முறைமையில் இயங்கியவை அல்ல. ஈர் திங்களுக்கு முன்னர் வழங்கப்பட்ட திருத்தத்தைப் பொருத்தாது விடப்பட்டவையே. பேணுதல் என்பது வாளா வைத்திருத்தல் அன்று என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வாறாயின் உடனே மாற்றுதலே நன்றெனின், அதுவும் ஆராயாது செய்யின் கேடாம். பிரித்தானியாவின் ரீ. எஸ். பி. வங்கி 2018 ஏப்பிரிலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் பழைய முறைமையிலிருந்து புதியதொன்றுக்கு ஒரு வார இறுதியில் மாற்றியது. தரவு பழுதின்றிச் சென்று சேர்ந்தது. புதிய முறைமையோ பளுவைத் தாங்கவில்லை. தம் சொந்தப் பணத்தையே எடுக்க இயலாது மக்கள் தவித்தனர். வழமைநிலை திரும்ப அவ்வாண்டு டிசெம்பராயிற்று. 2022இல் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது.

ஆகவே முடிவு காண்போர் வினாவ வேண்டியவை சிலவே. திருத்தம் இன்னும் வருகின்றதா? மாற்றுறுப்புக் கிடைக்குமா? இயந்திரம் ஒருநாள் நின்றால் இழப்பு யாது? காப்புப்பிரதியிலிருந்து தரவை மீட்டுப் பார்த்ததுண்டா? இவற்றுக்கு நல்விடை கிடைக்குமாயின், பழையதைப் பேணுதல் சிக்கனம். கிடையாதாயின், அது சிக்கனம் போலத் தோன்றும் கடனே. அந்நிலையிற் புதியதை வாங்கி, சிலகாலம் பழையதன் அருகே இயக்கி, கணக்கு ஒத்துவரக் கண்ட பின்னரே பழையதை நிறுத்துதல் தகும். பழையதைக் காப்பினும் புதியதைக் கொள்ளினும், காக்கப்பட வேண்டியது இயந்திரமன்று. அதனை நம்பித் தம் கணக்கையும் வாழ்வையும் ஒப்படைத்த மக்களின் பதிவுகளேயாம்.