சோபாவுக்குள் ஒளிந்திருந்த பொதி

சென்ற மாரியில் காத்தான்குடியில் தளபாடக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு சிறு பொதியைக் காட்டினார். இறக்குமதி சோபாவின் அடித்துணிக்குள் இருந்ததாம். "ஈரம் உறிஞ்சுற சாமான்தானே காக்கா?" என்றார். இருக்கலாம். ஆனால் அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. கொழும்பிலுள்ள மொத்த வியாபாரிக்கும் உள்ளே இருப்பது என்னவென்று தெரியவில்லை.

அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

2007, 2008ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவில் சீனத் தயாரிப்பான தோல் சோபாக்களை வாங்கிய பலருக்கு உடம்பில் தீக்காயம் போன்ற புண்கள் வந்தன. சிலருக்கு மூச்சுத் திணறியது. பூஞ்சணம் பிடிக்காமலிருக்க உள்ளே வைத்த பொதிகளில் இருந்த டைமெதில் ஃபியூமரேட் என்ற இரசாயனமே காரணம். உட்காருபவரின் உடற்சூட்டில் அது ஆவியாகி, தோலையும் உடுப்பையும் ஊடுருவியது. வாங்கியவர்களுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை.

2009இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த இரசாயனம் கலந்த பொருட்களைத் தடை செய்தது. 2010இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் சுமார் 2,000 பேருக்கு 2 கோடி பவுண் வரை நட்டஈடு வழங்க இணக்கம் காணப்பட்டது.

பொதியை வைத்தது தொழிற்சாலை. வழக்கில் சிக்கியதோ ஆர்கொஸ், லேண்ட் ஒஃப் லெதர், வாம்ஸ்லீஸ் என்ற விற்பனை நிறுவனங்கள். இவற்றில் லேண்ட் ஒஃப் லெதர் 2009 தொடக்கத்திலேயே நொடித்துப்போனது. அதற்கு முன்னர், காப்புறுதி நிறுவனத்தைக் கேட்காமல், உற்பத்தியாளரிடம் 9 இலட்சம் டொலருக்குக் கணக்கு முடித்திருந்தது. இதனால் காப்புறுதி நிறுவனம் பணம் செலுத்தத் தேவையில்லை என 2010இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"நான் விற்றவன் மட்டும்தானே" என்பது நம் நாட்டிலும் தப்பிக்கும் வழியல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றி வாங்கியவர் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ வியாபாரிக்கு உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு.

வாவிக்கரையில் மழைக்காலப் பூஞ்சணம் நமக்குப் புதிதல்ல. அதனால் கடைக்காரர்கள் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். பொதியில் என்ன இருக்கிறதென்று மொத்த வியாபாரியிடம் எழுத்தில் வாங்குங்கள். பெயரில்லாப் பொதியை எடுத்துவிட்டு விற்பனைக்கு வையுங்கள். கொள்வனவுப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாங்குபவர்களும் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். சோபா வந்தபின் உடம்பில் அரிப்போ புண்ணோ கண்டால் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள்.

நண்பர் அன்று மாலையே அந்தச் சோபாவை வாங்கிய இரண்டு வீடுகளுக்கும் ஆளனுப்பிப் பொதிகளை எடுப்பித்தார். குறையைச் சொல்லி விற்பதில்தான் பரக்கத் என்று நாம் கேட்டு வளர்ந்தவர்கள். குறை என்னவென்று தெரிந்துகொள்வதும் விற்பவரின் பொறுப்பே.